ஐப்பசி மழையும் வாசிக்கும் மூளையும்

பெருமாநல்லூர் நால்ரோட்டில் வண்டிச் சத்தம் குறையும் நாட்கள் ஆண்டில் மிகச் சில. சேலம்–கொச்சி நெடுஞ்சாலையும் திருப்பூர்–கோபி சாலையும் குறுக்கிடும் ஊர். காலையில் பனியன் கம்பெனிக்குள் போனவர்கள் ஒன்றரை ஷிப்ட் முடித்து வெளியே வரும்போது இருட்டிவிடும். ஷிப்மென்ட் நெருக்கடி என்றால் இன்னும் தாமதமாகும். இந்த ஓட்டம் நின்று மூச்சு விடுவது தீபாவளியை ஒட்டித்தான். போனஸ் கைக்கு வந்ததும் கம்பெனிகளைப் பூட்டுவார்கள். வெளிமாவட்டத்துக்காரர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். உள்ளூர்க் குடும்பங்கள் பல மாதங்களுக்குப் பிறகு பகல் வேளையில் ஒரே கூரையின் கீழ் உட்காரும். வெளியே வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டிருக்கும்.

அதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே புத்தகத்தின் பருவம் தொடங்கிவிடுகிறது. காலாண்டு விடுமுறையை ஒட்டிச் சரஸ்வதி பூஜை வரும். கம்பெனியில் ஓவர்லாக் மெஷினுக்குப் பொட்டு வைக்கும் அதே நாளில், வீட்டில் பாடப்புத்தகங்களுக்கும் பொட்டு வைப்பார்கள். மறுநாள் விஜயதசமியன்று அதே புத்தகத்தை எடுத்து நாலு வரியாவது வாசிக்க வேண்டும் என்பது பெரியவர்களின் கட்டளை. பின்னாலேயே தீபாவளி மலர்கள் வந்துவிடும்.

புத்தகம் பிடித்த ஒரு வீட்டை இந்த மழை நாட்களில் நினைத்துப் பார்க்கலாம். தாத்தா கையில் கலைமகள் மலர். அம்மா, அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலை எடுத்திருக்கிறார். 1942இல் வந்த இந்த நாவல் கொங்கு நாட்டுக் கிராமத்தின் பேச்சையும் நிலத் தகராறையும் அப்படியே எழுத்துக்குக் கொண்டுவந்தது. அம்மா கையிலிருப்பது பழுப்பேறிய பழைய பதிப்பு. சின்னவன் அரசுப் பள்ளியின் வாசிப்பு இயக்கம் கொடுத்த சிறு புத்தகத்தை விரல் வைத்துச் சத்தமாக வாசிக்கிறான். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாக வரும் அந்த வரிசையில் அவன் இப்போது ‘நட’வில் இருக்கிறான். மூன்று பேரும் செய்வது ஒரே வேலை. ஆனால் மூன்று தலைகளுக்குள்ளும் நடப்பது ஒன்றல்ல.

வாசிப்பு மனிதனுக்குப் பிறவியிலேயே வந்த திறமை இல்லை. பேச்சு அப்படியல்ல, பேசுவதைக் கேட்டு வளரும் எந்தக் குழந்தையும் தானாகப் பேசத் தொடங்கிவிடும். எழுத்தோ ஐயாயிரம் ஆண்டுகளைச் சற்றே தாண்டிய கண்டுபிடிப்பு. பெருமாநல்லூருக்குக் கிழக்கே, நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் தமிழ்ப் பிராமி எழுத்து கீறிய பானை ஓடுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. பாத்திரத்தில் தன் பெயரைப் பொறித்து வைத்தவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பகுதியில் வாழ்ந்திருக்கிறார்கள். நமக்கு இது பெருமை; பரிணாமத்தின் கணக்கில் மிகக் குறுகிய காலம். வாசிப்பதற்கென்று தனி உறுப்பு மூளையில் உருவாக இந்தக் காலம் போதாது.

பிறகு எதைக் கொண்டு வாசிக்கிறோம்? 1892இல் பாரிஸில் ஜூல் தெஜெரின் என்ற நரம்பியல் மருத்துவர் ஒரு விசித்திரமான நோயாளியைப் பற்றி எழுதினார். படித்த மனிதர். பக்கவாதத் தாக்குதலுக்குப் பிறகு அவருக்குக் கண் தெரிந்தது, பேச்சு வந்தது, எழுதவும் முடிந்தது. தான் எழுதியதைத் தானே வாசிக்க மட்டும் முடியவில்லை. மூளையின் பின்பகுதியில், இடப்பக்கத்தில் பாதிப்பு இருந்தது. நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த ஸ்கேன் கருவிகள் அதே வட்டாரத்தைச் சுட்டின. மூளையின் இடப்பக்கப் பின்பகுதியில், அடிப்புறத்தில் இருக்கும் ஒரு சிறு பகுதி, எழுத்தைப் பார்த்ததும் விழித்துக்கொள்கிறது. சீனம் வாசிப்பவருக்கும் ஆங்கிலம் வாசிப்பவருக்கும் அது ஏறக்குறைய ஒரே இடத்தில் அமைந்திருக்கிறது.

பிரெஞ்சு விஞ்ஞானி ஸ்டானிஸ்லாஸ் தெஹேன் குழுவினர் 2010இல் பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் 63 பேரை ஆராய்ந்தார்கள். பள்ளிக்கே போகாதவர்கள், வளர்ந்த பிறகு எழுத்து கற்றவர்கள், சிறுவயதிலேயே கற்றவர்கள் என மூன்று வகையினரும் அவர்களில் இருந்தனர். வாசிப்புத் திறன் கூடக் கூட அந்தப் பகுதியின் துடிப்பும் கூடியது. வடிவங்களையும் முகங்களையும் அடையாளம் காணப் பயன்பட்டுவந்த இடத்தைத்தான் எழுத்து தன் வசமாக்கிக்கொள்கிறது என்பது தெஹேனின் கருத்து. அப்படியானால் முகங்களை அறியும் திறன் குறைந்துவிடுமோ என்ற கேள்வி எழுந்தது. வட இந்தியாவில் நடந்து 2019இல் வெளியான இன்னொரு ஆய்வு அப்படியொரு இழப்பைக் காணவில்லை. எழுத்தறிவு வந்தாலும் முகங்களுக்கான துடிப்பு குறையவில்லை.

கண்ணும் நாம் நினைப்பது போல வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் எமில் ஜவால் என்ற கண் மருத்துவரின் ஆய்வகத்தில் இது தெரியவந்தது. கண் ஓரிடத்தில் சுமார் கால் விநாடி நிற்கும், தாவும், மறுபடி நிற்கும். எழுத்தைக் கண் உள்வாங்குவதெல்லாம் அந்த நிற்கும் கணங்களில்தான். கடினமான சொல் வந்தால் கூடுதலாக நிற்கும். சந்தேகம் வந்தால் பின்னோக்கித் தாவும். சின்னவன் விரலை எடுத்து மறுபடி அதே சொல்லின் மேல் வைப்பதற்கும் காரணம் இதுதான். அவனை அவசரப்படுத்தத் தேவையில்லை.

அதிலும் தமிழ் வாசிக்கும் குழந்தைக்குச் சில தனிச் சிக்கல்கள் உண்டு. ‘கெ’ என்ற எழுத்தில் முதலில் கண்ணில் படுவது கொம்பு. வாயில் முதலில் வருவதோ ‘க்’ என்னும் மெய். ‘கொ’வில் உயிரின் குறி மெய்யின் இரண்டு பக்கமும் நிற்கிறது. பார்க்கும் வரிசை ஒன்று, ஒலிக்கும் வரிசை வேறு. இந்தியிலும் இகரக் குறி மெய்யெழுத்துக்கு இடப்பக்கம் விழும். அப்படிப்பட்ட சொற்களை வாசிக்கக் கூடுதல் உழைப்பு வேண்டியிருக்கிறது என்று ஜோத்ஸ்னா வைத், அஷும் குப்தா இருவரும் 2002இல் காட்டினார்கள். கன்னடக் குழந்தைகளிடம் சோனாலி நாக் செய்த ஆய்வு, எழுத்துகள் முழுவதும் வசப்பட நான்காம் வகுப்பு வரைகூட ஆகலாம் என்கிறது. நம் எழுத்துமுறையும் கன்னடத்தின் உறவுதான். 26 எழுத்து போதும் என்கிற மொழியின் அளவுகோலை வைத்துக்கொண்டு, இரண்டாம் வகுப்பிலேயே சரளமாக வாசிக்கவில்லை என்று தமிழ்ப் பிள்ளையை மட்டம் தட்டுவது நியாயமே இல்லை.

இங்கே ‘நாகம்மாள்’ பழைய பதிப்பு ஒரு நல்ல பரிசோதனை. 1978க்கு முன் அச்சான புத்தகத்தில் ணை, லை, ளை, னை ஆகியவை இன்றைய உருவில் இருக்காது. ஐகாரக் குறி யானைத் துதிக்கை போலச் சுருண்டு மெய்யோடு ஒட்டியிருக்கும். ணா, றா, னா என்பவற்றில் கால் தனியாக நிற்காமல் அடியில் வளைந்து சேர்ந்திருக்கும். இவற்றுக்குப் பதிலாக வந்த இன்றைய உருவங்கள், ஈரோட்டுப் பெரியார் 1935இல் தன் பத்திரிகையில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தம். எம்.ஜி.ஆர். அரசு 1978இல் ஆணையிட்டு 13 எழுத்துகளை மாற்றியது. பத்து வயதுப் பேத்தி ஒருத்தியிடம் பழைய பதிப்பின் பக்கத்தைக் கொடுத்தால் ‘தலை’, ‘மலை’ என்ற எளிய சொற்களில்கூடத் தடுக்கி நிற்பாள். அவளுடைய மூளையில் அந்த உருவத்துக்கு இன்னும் இடம் ஒதுக்கப்படவில்லை. தாத்தா ஒரு முறை சொல்லிக்கொடுத்தால் போதும். சில பக்கங்களுக்குள், முன்னும் பின்னும் வரும் சொற்களின் துணையோடு அவளே பிடித்துக்கொள்வாள். வாசிக்கும் மூளை புது உருவத்தைச் சேர்த்துக்கொள்வதை நம் கண்ணெதிரிலேயே பார்க்கலாம். வீட்டில் பழைய புத்தகம் இருப்பவர்கள் இந்த விடுமுறையில் செய்து பார்க்கலாம்.

“எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே” என்று ஒதுங்கும் பாட்டிகளும் அம்மாக்களும் இந்தப் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். சின்ன வயதிலேயே பனியன் கம்பெனியில் கைமடிக்கும் வேலைக்குப் போனவர்கள் அவர்களில் பலர். அவர்கள் கேட்க வேண்டிய ஆய்வு ஒன்று நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. லக்னோவுக்கு அருகே இரண்டு கிராமங்களில், எழுத்தே அறியாத, சராசரியாக 30 வயதை ஒட்டியவர்களுக்கு ஆறு மாதம் தேவநாகரி வாசிப்பு கற்றுக்கொடுத்தார்கள். உத்தம் குமார், மிக்கேல் ஸ்கைடே, பால்க் ஹியூட்டிக் ஆகியோர் அடங்கிய குழு, படிப்புக்கு முன்னும் பின்னும் மூளையை ஸ்கேன் செய்தது. 2017இல் முடிவு வெளியானது. அவர்கள் ஏறத்தாழ முதல் வகுப்புப் பிள்ளையின் வாசிப்பு நிலையை எட்டியிருந்தார்கள். மாற்றமோ மூளையின் மேல்பரப்பில் மட்டும் நிற்கவில்லை. உள்ளே ஆழத்தில் இருக்கும் தலாமஸும், கண் அசைவை நடத்தும் மூளைத்தண்டுப் பகுதியும், பார்வைப் புறணியோடு முன்பைவிட இசைந்து இயங்கத் தொடங்கியிருந்தன. ஆறு மாதம் என்பது தீபாவளியிலிருந்து சித்திரை வரை.

எழுத்து வசப்படும் முன்பே பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதில் இன்னொரு லாபம் இருக்கிறது. வீட்டுப் பேச்சு பெரும்பாலும் கண்முன் இருப்பதையே சுற்றும்: சாப்பிட்டாயா, செருப்பைக் கழற்று, தம்பியை அடிக்காதே. புத்தகம் கடலையும் அரண்மனையையும் ஒட்டகத்தையும் நடுவீட்டுக்குக் கொண்டுவருகிறது. ஜெசிக்கா மான்டாக் குழுவினர் 2015இல் நூறு ஆங்கிலப் படப்புத்தகங்களை எடுத்து, பெற்றோர் பிள்ளைகளிடம் பேசும் பேச்சோடு ஒப்பிட்டார்கள். ஒரே அளவு பேச்சில் இருப்பதைவிடச் சுமார் 1.7 மடங்கு வேறுபட்ட சொற்கள் புத்தகங்களில் இருந்தன. 2019இல் வந்த ஓர் அமெரிக்க மதிப்பீட்டின்படி, தினம் ஒரு புத்தகம் வாசித்துக்காட்டப்படும் குழந்தை, பள்ளிக்குப் போகும் வயதுக்குள் ஏறத்தாழ 2,97,000 சொற்களை அந்த வாசிப்பின் மூலமாகவே கேட்டிருக்கும். வாசித்துக்காட்ட ஆளே இல்லாத குழந்தைக்கு அது 5,000க்கும் குறைவு.

வீட்டில் இருக்கும் புத்தகங்களுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் உள்ள தொடர்பை மரியா எவன்ஸ் குழுவினர் 27 நாடுகளில், 70,000க்கும் மேற்பட்டவர்களின் தகவல்களைக் கொண்டு 2010இல் ஆராய்ந்தார்கள். 500 புத்தகம் உள்ள வீட்டுப் பிள்ளைகள், புத்தகமே இல்லாத வீட்டுப் பிள்ளைகளைவிடச் சுமார் மூன்று ஆண்டு கூடுதலாகப் படித்திருந்தார்கள். பெற்றோரின் படிப்பையும் தொழிலையும் கழித்துப் பார்த்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. புத்தகத்தை அடுக்கி வைத்தாலே பிள்ளை படித்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. புத்தகத்தைக் கையில் எடுத்துப் பேசும் பழக்கம் அந்த வீடுகளில் இருக்கிறது என்பதே பொருள்.

பனியன் கம்பெனி வாரச் சம்பளத்தில் 500 புத்தகம் வாங்க முடியுமா? முடியாது. இந்த இடைவெளியை நிரப்பப் பெரும் வேலை செய்த ஒருவர் திருப்பூரிலேயே பிறந்திருக்கிறார். 1903இல் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம், 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தார். சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் நெடுநாள் வலியுறுத்திவந்த பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறியது அவினாசிலிங்கத்தின் காலத்தில்தான். விடுதலைக்குப் பின் இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் அது.

தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவரும் அவினாசிலிங்கமே. அந்தக் கழகம் வெளியிட்ட தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு ஈரோடு வட்டாரத்துப் பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்தார். முதல் தொகுதி 1954இல் வந்தது. எல்லாத் தொகுதிகளையும் முடித்துவிட்டுத் தூரன் ஓயவில்லை. குழந்தைகளுக்கென்றே தனியாகப் பத்துத் தொகுதிகள் கொண்டுவந்தார். மழை ஏன் பெய்கிறது, பட்டுப்பூச்சி எப்படிக் கூடு கட்டுகிறது என்று கேட்கும் பிள்ளைக்குத் தமிழிலேயே பதில் சொன்ன புத்தகங்கள் அவை. இந்தக் கலைக்களஞ்சியங்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். சத்தமாக வாசித்துக் காட்ட அவற்றில் ஒரு பக்கம் போதும். ஆனால் நெடுநேர வாசிப்புக்கு அச்சுப் புத்தகமே மேல். 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, திரையைவிடத் தாளில் வாசித்தவர்களே சற்று நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுவது அந்த 1948 சட்டத்தின்படிதான். ஆக, ஊர் நூலகத்தின் அலமாரியில் இருக்கும் புத்தகங்களுக்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டோம். கம்பெனி பூட்டும் நாளுக்கு முன்பே குடும்பத்தோடு போய் உறுப்பினராகி, ஆளுக்கொரு புத்தகம் எடுத்து வந்துவிடுங்கள். தீபாவளியன்று நூலகத்துக்கும் விடுமுறை.