குழந்தையின் இதயம் கடைசியில்தான் நிற்கும்

கொடைரோடு என்றதும் பலருக்கு ரயில் நிலையம் நினைவுக்கு வரும்; சிலருக்குச் சுங்கச்சாவடியும் திராட்சைத் தோட்டமும். மூச்சுத் திணறும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு ஊரின் கணக்கே வேறு. பக்கத்தில் நிலக்கோட்டை, வத்தலக்குண்டு அரசு மருத்துவமனைகள். வடக்கே திண்டுக்கல், தெற்கே மதுரை. திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022 ஜனவரியில்தான். தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் 2008 முதல் ஓடுகிறது என்றாலும், பைக்கில் நடுவே உட்காரவைத்துக் கொண்டுவரப்படும் குழந்தைகள் இன்றும் உண்டு. எங்கே போய்ச் சேர்ந்தாலும் அந்தக் குழந்தையை முதலில் தொடுவது அநேகமாக ஒரு ஸ்டாஃப் நர்ஸ்தான்.

அந்த நர்ஸுக்காக இருப்பவைதான் குழந்தைகள் உயிர்காப்புப் பயிற்சிகள். அமெரிக்க இதயச் சங்கத்தின் ‘பால்ஸ்’ (PALS, குழந்தைகளுக்கான மேம்பட்ட உயிர்காப்பு) 1988-இல் தொடங்கியது. இன்று வேலை விளம்பரங்களில் அதிகம் கேட்கப்படுவதும் அதுதான். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்துக்கும் தனிப் பயிற்சி உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஈடாட்’ (ETAT, அவசர நிலையைத் தரம் பிரித்துச் சிகிச்சை தரும் பயிற்சி), வசதி குறைந்த மருத்துவமனைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. பிரசவ அறையில் வேலை என்றால் பச்சிளங்குழந்தைக்கான பயிற்சி முதலில் வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அடிப்படைப் பாடம் ஒன்றுதான். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இதயக் கோளாறால் திடீரென்று இதயம் நின்றுபோகிறது. குழந்தைகளுக்கு அப்படி நடப்பது குறைவு. முதலில் மூச்சு தடுமாறும், அல்லது ரத்த ஓட்டம் குறைந்து உடல் அதிர்ச்சி நிலைக்குப் போகும். கடைசியில்தான் இதயம் நிற்கும். நின்ற பிறகு மீட்பது கடினம். நிற்பதற்கு முன் கண்டுபிடிக்க அவகாசம் இருக்கிறது. ஆகவே மார்பை அழுத்துவதைவிட, பார்க்கும் கண்ணைப் பழக்குவதற்கே இந்தப் பயிற்சிகள் அதிக நேரம் எடுத்துக்கொள்கின்றன. குழந்தை அம்மாவைப் பார்க்கிறதா, துவண்டு கிடக்கிறதா? விலாவுக்கு இடையில் சதை உள்ளே இழுக்கிறதா? தோல் வெளுத்திருக்கிறதா, திட்டுத் திட்டாக நிறம் மாறியிருக்கிறதா? ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கும் முன்பே, வாசலில் நின்றபடியே இதைப் பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டில் இந்தக் கண்ணைப் பழக்கியதில் எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே அவசர சிகிச்சைப் பிரிவை வளர்த்த டாக்டர் இந்துமதி சந்தானம், வெளிநாட்டு விதிகளை நம் வார்டு நெரிசலுக்குள் வைத்துச் சோதித்தவர். செப்டிக் ஷாக்கில், அதாவது கிருமித் தொற்றால் வரும் அதிர்ச்சி நிலையில், வந்த 147 குழந்தைகளுக்கு டிரிப்ஸை எவ்வளவு வேகமாக ஏற்றுவது என்று அவர் குழு இரு விதமாகச் செய்து பார்த்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. வேகத்தால் உயிர் பிழைப்பதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

2011-இல் கென்யா, உகாண்டா, தான்சானியாவிலிருந்து வந்த முடிவு இன்னும் திடுக்கிட வைத்தது. காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த 3,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளில், டிரிப்ஸை மளமளவென்று ஏற்றியவர்களிடையே 48 மணி நேரத்துக்குள் இறப்பு சுமார் 10.5 சதவீதம்; அப்படி ஏற்றாதவர்களிடையே 7.3 சதவீதம்தான். வென்டிலேட்டர் வசதி இருக்கும் இடத்துக்கான விதியை, அது இல்லாத இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது என்று உலகம் புரிந்துகொண்டது. கொடைரோடு போன்ற ஊர்ப்பக்கத்து நர்ஸ் பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதிலிருந்துதான் வருகிறது: என் வார்டுக்கு யார் வருகிறார்கள்? டெங்கு ஷாக், தேள்கொட்டு, பாம்புக்கடி, கிணற்றில் விழுந்த பிள்ளை. பால்ஸ் புத்தகம் இவற்றுக்கு ஒதுக்கும் இடம் சொற்பம். சென்னை, மதுரை கார்ப்பரேட் மருத்துவமனையிலோ வெளிநாட்டிலோ வேலை தேடுகிறவருக்கு பால்ஸ் அட்டை அவசியம். தாலுகா மருத்துவமனையில் இருப்பவர் அடிப்படை உயிர்காப்பு, பிறகு ஈடாட் அல்லது அரசுப் பயிற்சி, அதன் பிறகு பால்ஸ் என்று போவதே சரி.

பயிற்சிக்குத் தயாராவதில் பலர் சறுக்குவது கணக்கில். இந்தியக் குழந்தைக்கு 1 முதல் 6 வயது வரை எடையை ஊகிக்க, வயதை இரண்டால் பெருக்கி எட்டைக் கூட்டுவார்கள். 3 வயதுப் பிள்ளை 14 கிலோ. படுக்கையில் நீட்டி, உயரத்தை அளந்து எடை சொல்லும் ப்ரோஸ்லோ டேப் அமெரிக்கப் பிள்ளைகளின் உடம்பை வைத்து உருவானது. நம் பிள்ளைகளில் 10 கிலோவைத் தாண்டியவர்களுக்குக் கூடுதலாகக் காட்டிவிடுகிறது. இதயம் நின்ற குழந்தைக்கு அட்ரினலின் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். நம் ஊர் ஆம்ப்யூலில் 1 மில்லியில் 1 மில்லிகிராம் இருக்கும். அதை 10 மில்லியாகக் கரைத்து, கிலோவுக்கு 0.1 மில்லி எடுக்க வேண்டும். 14 கிலோவுக்கு 1.4 மில்லி. கரைக்க மறந்தால் டோஸ் பத்து மடங்காகிவிடும். இந்தக் கணக்கைப் பத்து எடைகளுக்குப் போட்டுப் பழகாமல் வகுப்புக்குப் போவதில் பயனில்லை.

பால்ஸ் வகுப்புக்கு முன்பே இணையத்தில் ஒரு சுயதேர்வு உண்டு. ஈசிஜி, மருந்து, நடைமுறைக் கேள்விகள். அதில் 70 சதவீதமும் இறுதித் தேர்வில் 84 சதவீதமும் வேண்டும். ஈசிஜியைக் கண்டு பயப்படுகிறவர்களே அதிகம், ஆனால் கை வேலைதான் அதைவிடப் பாடு. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், மார்பின் ஆழத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு. இருவர் இருந்தால் 15 அழுத்தத்துக்கு 2 மூச்சு. மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கை மார்பு எழும் வரை மட்டும் அமுக்க வேண்டும். பதற்றத்தில் எல்லோரும் கூடுதலாகவே அமுக்குகிறார்கள். வயிறு உப்பி, உள்ளே இருப்பது மேலே வந்துவிடும்.

குழு ஒத்திகையில் இன்னொரு சிக்கல். டாக்டர் சொன்ன டோஸை நர்ஸ் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். தவறாகத் தெரிந்தால் தடுக்க வேண்டும். பெரிய டாக்டரின் வார்த்தைக்கு எதிர்வார்த்தை சொல்லிப் பழகாத நம் வார்டுகளில், “டாக்டர், 14 மில்லியா? 1.4 தானே?” என்று கேட்க அறிவோடு தைரியமும் வேண்டும்.

பணம் கட்டும் முன் இரண்டு விசாரிப்புகள் போதும். ஒரு பயிற்சிப் பொம்மைக்கு எத்தனை பேர்? புத்தகம் எந்த ஆண்டுடையது? அமெரிக்க இதயச் சங்கத்தின் 2025 வழிகாட்டுதலில், கைக்குழந்தையின் மார்பை இரண்டு விரலால் அழுத்தும் பழைய முறையே நீக்கப்பட்டுவிட்டது. இரு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்துக் கட்டைவிரல்களால் அழுத்தலாம், அல்லது ஒரு கையின் அடிப்பகுதியால் அழுத்தலாம். பழைய புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துப் படித்தவர் பழையதையே செய்து காட்டுவார்.

பால்ஸ் அட்டை 2 ஆண்டு செல்லும். கைப்பழக்கம் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே அட்டை வாங்கிய நர்ஸ்கள் தங்கள் வார்டு இன்சார்ஜிடம் ஒரு குழந்தைப் பொம்மையைக் கேட்டு வாங்கி, மாதம் ஒருமுறை டியூட்டி மாறும் நேரத்தில் பத்து நிமிடமாவது அழுத்திப் பார்க்க வேண்டும்.