எல்லாரும் ஒரே நாளில் லீவு எடுத்தால் தோட்டம் என்னாகும்? சர்வர்களின் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு: ஒரு விளக்கம்

நெகிரி செம்பிலானில் தரவு மையம் என்ற சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. போர்ட்டிக்சன், ஸ்பிரிங்ஹில் பகுதியில் தரவு மையத்திற்காக ஏறக்குறைய 389 ஏக்கர் நிலம் வாங்குவதாகக் கமுடா நிறுவனம் 2024 டிசம்பரில் அறிவித்தது. ரப்பரும் செம்பனையும் சோறு போட்ட மாநிலத்தில், "அங்கே நம் பிள்ளைகளுக்கு என்ன வேலை கிடைக்கும்?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. கட்டடம், மின்சாரம், குளிரூட்டல் வேலைகளோடு வெளியே தெரியாத வேலை ஒன்றும் உண்டு. அதுதான் சர்வர்களின் ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பது.

ஃபர்ம்வேர் என்றால் என்ன?

கைப்பேசியில் செயலியைப் புதுப்பிப்பது எல்லாருக்கும் தெரியும். ஃபர்ம்வேர் அதற்கும் அடியில் இருப்பது. சுவிட்சைத் தட்டியதும் இயந்திரம் எப்படி விழிக்க வேண்டும், வட்டில் எப்படி எழுத வேண்டும் என்று வன்பொருளுக்குள்ளேயே பதிந்திருக்கும் கட்டளைகள் அவை. ஒரு சர்வரில் தாய்ப்பலகை, நெட்வொர்க் கார்டு, ஒவ்வொரு வட்டு என எல்லாவற்றுக்கும் தனித்தனி ஃபர்ம்வேர் உண்டு.

"ஓடுகிற இயந்திரத்தை ஏன் தொட வேண்டும்?" என்று கேட்பவர்களுக்கு 2019 நவம்பரில் ஒரு பாடம் கிடைத்தது. தன் சர்வர்களில் உள்ள சில வகை எஸ்.எஸ்.டி. வட்டுகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும் என்று எச்.பி.இ. நிறுவனம் எச்சரித்தது. கணக்குப் பார்த்தால் அது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். குறியுள்ள 16 பிட் எண்ணில் 32,767 வரைதான் எண்ண முடியும் என்பதைக் கணினி படித்தவர்கள் உடனே நினைவுகூர்வார்கள். செயலிழந்த வட்டையும் அதில் உள்ள தரவையும் மீட்க முடியாது. சர்வரில் வட்டுகள் பெரும்பாலும் ஒரே நாளில் பூட்டப்படுவதால், அசலும் நகலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போய்விடும் ஆபத்து இருந்தது. புதிய ஃபர்ம்வேர்தான் இதற்கு மருந்து. 2020 மார்ச்சில் வேறு சில வட்டுகளுக்கு 40,000 மணி நேரம் என்று இன்னொரு எச்சரிக்கையும் வந்தது.

ஒரு சர்வருக்குள் பல கணினிகள்

இப்போதெல்லாம் ஒரு சர்வர் ஒரே வேலையைச் செய்வதில்லை. அதற்குள் பத்து, இருபது மெய்நிகர் கணினிகள் ஓடும். ஒன்றில் சம்பளக் கணக்கு, இன்னொன்றில் நோயாளிகளின் பதிவு, மற்றொன்றில் டிக்கெட் விற்பனை. இப்படிப்பட்ட சர்வர்கள் சில சேர்ந்ததே கிளஸ்டர்.

இதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்து அனுபவமே போதும். காலைப் பெரட்டில் ஓர் ஆள் வரவில்லை என்றால் தண்டல் என்ன செய்வார்? அவருடைய நிரையை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். பால் நிற்காது. கிளஸ்டரிலும் அதே கதைதான். ஒரு சர்வரைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டு சென்றால், அதிலுள்ள மெய்நிகர் கணினிகள் ஓடிக்கொண்டே அடுத்த சர்வர்களுக்கு மாறிவிடும். பயன்படுத்துபவருக்குப் பெரும்பாலும் அது தெரியாது.

ஆனால், மற்றவர்கள் ஏற்கெனவே முழு நிரை பிடித்திருந்தால் கூடுதல் நிரையை யார் ஏற்பார்? நான்கு சர்வர்கள் இருந்தால், ஒன்று ஓய்வெடுக்கும்போது மூன்றும் முழுச் சுமையைத் தாங்க வேண்டும். ஆகவே சாதாரண நாளில் எந்தச் சர்வரும் முக்கால் பங்குக்கு மேல் நிரம்பியிருக்கக் கூடாது.

வேலை நடக்கும் முறை

முதலில், ஒவ்வொரு சர்வரிலும் இப்போது உள்ள பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். புதிய ஃபர்ம்வேர், மெய்நிகர் மென்பொருளுக்கும் டிரைவருக்கும் பொருந்துமா என்று தயாரிப்பாளரின் பட்டியலில் பார்க்க வேண்டும். பிறகு தரவை வேறோர் இடத்தில் காப்பெடுத்து, அதைத் திரும்பக் கொண்டுவர முடிகிறதா என்றும் சோதிக்க வேண்டும்.

அடுத்து ஒரே ஒரு சர்வரைக் காலி செய்து, ஃபர்ம்வேரை ஏற்றி, மறுபடி இயக்க வேண்டும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் பலகையே உயிரற்றுப் போகலாம் என்பதால் யு.பி.எஸ். அவசியம். சர்வர் எழுந்ததும் நெட்வொர்க், வட்டு, வெப்பநிலை எல்லாம் சரியா என்று பார்க்க வேண்டும். சர்வர்களின் வட்டுகளே பொதுச் சேமிப்பாக இருந்தால், தரவு முழுவதும் மறுபடி ஒத்திசையும்வரை அடுத்த சர்வரைத் தொடக் கூடாது. எல்லாம் சரியென்றால்தான் அடுத்தது. வி.எம்.வேர் 2020-இல் வெளியிட்ட விஸ்பியர் 7 முதல் இந்த வரிசையைத் தானாகவே நடத்தும் வசதி வந்துவிட்டது. இருந்தும், நிறுத்து என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

அவசரமும் ஆபத்து

தாமதம் எவ்வளவு கெடுதலோ, அவசரமும் அவ்வளவு கெடுதல். 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்புக் குறைபாடு வெளியானபோது, இண்டெல் அவசரமாகத் திருத்தம் தந்தது. கணினிகள் தாமாகவே அணைந்து எழத் தொடங்கியதால், அந்தப் பதிப்பைப் போட வேண்டாம் என்று அதே மாதம் 22-ஆம் தேதி இண்டெல்லே கேட்டுக்கொண்டது. முதலில் ஒரு சர்வரில் மட்டும் போட்டுக் காத்திருந்தவர்கள் தப்பித்தார்கள்.

2024 ஜூலை 19-ஐ நம் நாட்டுப் பயணிகள் மறந்திருக்க மாட்டார்கள். கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்று உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்தது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. ஏர் ஆசியா கைகளால் பதிவு செய்ய வேண்டியதாயிற்று, கே.டி.எம்.பி.யின் டிக்கெட் முறையும் பாதிக்கப்பட்டது. அது ஃபர்ம்வேர் அல்ல, பாதுகாப்பு மென்பொருள். ஆனால் பாடம் ஒன்றுதான்: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், தவறும் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நடக்கும்.

இந்த வேலைக்குப் பெரிய மூலதனம் தேவையில்லை. பழைய கணினிகள் மூன்று கிடைத்தால், இலவசமாகக் கிடைக்கும் பிராக்ஸ்மாக்ஸ் மென்பொருளைப் போட்டு வீட்டிலேயே ஒரு கிளஸ்டர் அமைத்துப் பழகலாம். ஒன்றை அணைத்து, மற்ற இரண்டும் வேலையைத் தாங்குகின்றனவா என்று பார்க்கலாம். எஸ்.பி.எம். முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் பிள்ளைக்கு, அந்த மூன்று பழைய பெட்டிகள் ஒரு நல்ல தொடக்கமாக அமையலாம்.