பாஸ்புக்கில் ஏழு வரிகள்

கும்பகோணத்தில் இருக்கும் என் அத்தை ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒரு காலத்தில் மாதம் தவறாமல் பாஸ்புக் என்ட்ரி போட்டுவிடுவார். கையில் ஸ்மார்ட்போன் வந்ததும் அந்தப் பழக்கம் போய்விட்டது. போன டிசம்பரில் ஏதோ வேலையாக வங்கிக்குப் போனவர் இயந்திரத்தில் பாஸ்புக்கைச் செருகியிருக்கிறார். மூன்று பக்கம் ஓடி நின்றது. வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், ஜூனிலிருந்து டிசம்பர் வரை மாதத்துக்கு ஒரு வரி, ஒவ்வொன்றிலும் 299 ரூபாய். பக்கத்தில் இருந்த பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

எனக்குப் போன் வந்தது. துருவித் துருவிக் கேட்டதில் கதை வெளிவந்தது. மே மாத விடுமுறையில் பேரன் வந்திருக்கிறான். கிரிக்கெட் பார்க்க ஒரு ஆப். "ஒரு ரூபாதான் பாட்டி, பின் நம்பர் போடுங்க" என்றிருக்கிறான். பாட்டி போட்டிருக்கிறார். பையன் ஊருக்குப் போனதும் ஆப்பையும் அழித்துவிட்டார். "ஆப்பைத்தான் அப்பவே தூக்கிட்டேனேடா, அப்புறம் எப்படி எடுக்கிறான்?" என்பதுதான் அவர் கேள்வி. படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் இருக்கும் கேள்விதான்.

ஆப் என்பது வெறும் வாசற்கதவு. கதவைப் பெயர்த்து எடுத்தாலும் உள்ளே போட்ட ஒப்பந்தம் அப்படியேதான் இருக்கும். அன்று அத்தை பின் நம்பர் போட்டது ஒரு ரூபாய்க்கு மட்டும் அல்ல. 'இனி மாதாமாதம் இவ்வளவு ரூபாய் வரை என்னைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம்' என்று வங்கிக்குக் கொடுத்த நிரந்தர அனுமதி அது. வங்கிக்காரர்கள் இதை மேண்டேட் என்பார்கள். யுபிஐ ஆப்களில் ஆட்டோபே என்று இருக்கும். பின் நம்பர் கேட்கும் அந்தத் திரையிலேயே உச்சவரம்புத் தொகை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்தத் தேதி வரை என்ற விவரங்கள் இருக்கும். முடிவுத் தேதி சிலவற்றில் பல வருடம் தள்ளி இருக்கும். ஒரு ரூபாய் கண்ணில் படுகிறது, மற்றது படுவதில்லை.

இதற்கு ரிசர்வ் வங்கி விதி வைக்காமல் இல்லை. 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி கார்டு, வாலட், யுபிஐ எதுவாக இருந்தாலும், தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டை வாடிக்கையாளர் ஓடிபியோ பின் நம்பரோ போட்டுத்தான் தொடங்க முடியும். அதன்பின் ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பாகத் தகவல் வர வேண்டும். யார் எடுக்கிறார்கள், எவ்வளவு, எப்போது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வேண்டாம் என்றால் விலகிக்கொள்ள வழியும் இருக்க வேண்டும். தொடக்கத்தில் ஒரு தவணைக்கு 5,000 ரூபாய் வரை ஓடிபி இல்லாமல் போகலாம் என்றிருந்தது, 2022 ஜூனில் 15,000 ஆனது. விதி வந்த புதிதில் பலருடைய தானியங்கிக் கட்டணங்கள் நின்றுபோய், 'இதென்ன தொல்லை' என்று ரிசர்வ் வங்கியைத் திட்டியவர்களில் நானும் ஒருவன்.

அப்படியானால் அத்தைக்கு ஏழு முறை முன்னறிவிப்பு வந்திருக்க வேண்டும். போனை வாங்கிப் பார்த்தேன். வந்துதான் இருந்தது. நகைக்கடன் வேண்டுமா, ரீசார்ஜ் செய்யவில்லையா, புடவைத் தள்ளுபடி என்ற குவியலுக்கு நடுவே, ஆங்கிலத்தில். அதில் இருந்ததும் ஆப்பின் பெயர் அல்ல, அதை நடத்தும் கம்பெனியின் பெயர். இந்தப் பெயர்க் குழப்பம் சாதாரணமாக நடப்பதுதான். ஸ்டேட்மென்ட்டில் பழக்கமில்லாத பெயர் இருந்தால் திருட்டு என்று உடனே முடிவு கட்டிவிடாமல், அதைத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இங்கே மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. சந்தாவை ரத்து செய்வது ஒன்று, அது கம்பெனியோடு. மேண்டேட்டை ரத்து செய்வது இன்னொன்று, அது உங்கள் வங்கியோடு. போன பணத்தைத் திரும்பக் கேட்பது வேறொன்று. முதல் வேலையிலேயே மல்லுக்கட்டிச் சலித்து, மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் உங்கள் கையில் முழுசாக இருப்பது இரண்டாவதுதான்.

முதல் வேலை ஏன் சலிக்க வைக்கிறது என்றால், அது அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. சேர ஒரு தட்டு போதும். விலக என்றால் அமைப்புகளுக்குள் போய், கணக்குக்குள் போய், திட்டத்துக்குள் போக வேண்டும். 'தொடர்கிறேன்' என்ற பொத்தான் பளிச்சென்ற நிறத்தில் பெரிதாக இருக்கும், 'ரத்து' சாம்பல் நிறப் பொடி எழுத்தில் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தட்டினால் காரணம் கேட்பார்கள், பிறகு பாதி விலைக்குத் தருகிறோம் என்பார்கள், அதற்கும் மசியாவிட்டால் 'உறுதியாகவா?' என்று இன்னொரு திரை. அமெரிக்காவில் அமேசான் தன் பிரைம் சந்தாவை ரத்து செய்யும் வழிக்கு உள்ளுக்குள் 'இலியட்' என்று பெயர் வைத்திருந்தது என அந்நாட்டு வணிக ஆணையம் 2023இல் போட்ட வழக்கில் சொன்னது. இலியட் ஹோமரின் நெடுங்காவியம். நம் ஊர்க் கம்பெனியாக இருந்தால் மகாபாரதம் என்று வைத்திருப்பார்கள். அந்த வழக்கு 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்குச் சமரசமானது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர. தவறு செய்ததாக அமேசான் ஒப்புக்கொள்ளவில்லை. ஜெர்மனியில் 2022 ஜூலை முதல், இணையத்தில் சந்தா சேர்க்கும் கம்பெனி ரத்து செய்வதற்கான பொத்தானையும் தன் தளத்தில் தெளிவாக வைத்தாக வேண்டும் என்பது சட்டம்.

இப்படி விலகவிடாமல் இழுத்தடிக்கும் தந்திரத்துக்கு இந்தியாவிலும் ஒரு பெயர் உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இணையத்தில் நடக்கும் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிடுகின்றன. அதில் ஒன்று சந்தாப் பொறி. ரத்து செய்வதைச் சிக்கலாக்குவது, அந்த வழியை மறைத்து வைப்பது, இலவசச் சந்தாவுக்கும் பணம் எடுக்கும் அனுமதியை வாங்கி வைப்பது எல்லாம் இதில் அடங்கும். 'இலவசம்' என்று சொல்லாமல் 'ஒரு ரூபாய்' என்று சொல்லும் தாராளம் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது. புகார் எழுதும்போது இந்த நெறிமுறையையும் 'சந்தாப் பொறி' என்ற சொல்லையும் குறிப்பிடுங்கள். எதிர்ப்பக்கத்தில் பதில் எழுதுபவரின் தொனி கொஞ்சம் மாறும்.

சரி, செய்ய வேண்டியது. முதலில் சந்தா எங்கே பிடிபட்டிருக்கிறது என்று பாருங்கள். கூகுள் பிளே ஸ்டோர் வழியாகவோ ஆப்பிள் வழியாகவோ சேர்ந்திருந்தால், அந்த ஸ்டோரின் சந்தாப் பகுதியில்தான் ரத்து செய்ய முடியும். கம்பெனியோடு சண்டை போட்டுப் பயன் இல்லை. நேரடியாகச் சேர்ந்திருந்தால் கம்பெனியின் தளத்தில் ரத்து செய்து, கடைசித் திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி. ரத்து பொத்தான் கண்ணிலேயே படவில்லை என்றால் அவர்களுடைய மின்னஞ்சலுக்கு 'இன்றோடு ரத்து செய்கிறேன்' என்று இரண்டு வரி போதும். பின்னால் வங்கி கேட்கப்போவது இந்த ஒரு சான்றைத்தான்.

அதே நாளில், கம்பெனி பதிலுக்காகக் காத்திருக்காமல், மேண்டேட்டை நிறுத்துங்கள். எந்த யுபிஐ ஆப்பில் தொடங்கினீர்களோ அதில் ஆட்டோபே பகுதிக்குப் போனால் எல்லாம் வரிசையாக இருக்கும். தேர்ந்தெடுத்து ரத்து கொடுத்துப் பின் நம்பர் போட்டால் முடிந்தது. அத்தைக்கு இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கார்டு என்றால் வங்கியின் நெட்பேங்கிங்கிலோ கார்டு நிர்வாகப் பக்கத்திலோ மேண்டேட் பட்டியல் இருக்கும். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறும் வசதியை வங்கி கொடுத்தாக வேண்டும், அதற்குக் கட்டணமும் கூடாது.

ஒன்றில் மட்டும் கவனம். குழாயை மூடினால் கடன் தீர்ந்துவிடாது. கடன் தவணை, காப்பீட்டு பிரீமியம், ஒரு வருட ஒப்பந்தம் போட்ட ஜிம் ஆகியவற்றில் மேண்டேட்டை மட்டும் நிறுத்தினால் பாக்கி அப்படியே நிற்கும். தவணையில் அபராதமும் கிரெடிட் ஸ்கோர் அடியும் விழும், காப்பீடு காலாவதியாகும். மாதச் சந்தா ஓடிடிக்குச் செய்வதை வீட்டுக்கடனுக்குச் செய்ய வேண்டாம்.

பணத்தைத் திரும்ப வாங்குவதுதான் கடினம். இங்கேதான் அந்தத் திருட்டு விஷயம். 'எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டார்கள், மோசடி' என்று வங்கியில் எழுதிக் கொடுத்தால், வங்கி பதிவைப் பார்க்கும். மே மாதம் இத்தனை மணிக்கு உங்கள் போனிலிருந்து உங்கள் பின் நம்பரோடு அனுமதி தரப்பட்டிருக்கும். புகார் அங்கேயே அடிபட்டுவிடும். உண்மையிலேயே முன்பின் தெரியாதவர் எடுத்திருந்தால் மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொல்லுங்கள்; வங்கித் தரப்பிலும் உங்கள் தரப்பிலும் தவறில்லாத மூன்றாம் நபர் மோசடியில் அப்போது உங்கள் மீது பொறுப்பு விழாது என்பது 2017 முதல் உள்ள விதி. ஆனால் சந்தாச் சிக்கல் வேறு ரகம். 'ரத்து செய்த பிறகும் எடுத்தார்கள்' என்றோ, 'சொன்ன தொகையைவிடக் கூடுதலாக எடுத்தார்கள்' என்றோ உள்ளது உள்ளபடி எழுதுங்கள். கார்டு உலகில் இதற்குத் தனித் தலைப்பே உண்டு. ரத்தான தொடர் கட்டணம் என்பது விசா விதிகளில் 13.2ஆவது வகை. கார்டு வங்கி வழியாகப் பணத்தைத் திருப்பி இழுக்கும் இந்த முறைக்குப் பெயர் சார்ஜ்பேக். பொதுவாக 120 நாள் கெடு என்பதால் தள்ளிப்போட வேண்டாம். யுபிஐ என்றால் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அதன் கீழேயே புகார் பதியலாம். 12 இலக்க யுடிஆர் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லா இடத்திலும் அதைத்தான் கேட்பார்கள்.

கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்கள் கோபத்தில் பில்லையே கட்டாமல் விடுவதுண்டு. வேண்டாம். பில்லில் தவறு என்று புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் வங்கி விளக்கம் தர வேண்டும் என்பது விதி. மோசடி என்று புகார் செய்த தொகைக்குத் தீரும்வரை கட்டணம் போடக் கூடாது என்பதும் விதி. ஆனால் சந்தாச் சண்டை மோசடிக் கணக்கில் வராது. 299க்காகக் கட்டாமல் விட்டு, மொத்த பில்லுக்கும் வட்டி கட்டிய நண்பர் ஒருவர் எனக்கு உண்டு.

வங்கி 30 நாளில் பதில் சொல்லவில்லை, அல்லது சொன்ன பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை, தகவலுக்கு 14448. ஆனால் அவர் விசாரிப்பது வங்கியை, ஆப் கம்பெனியை அல்ல. கம்பெனி மீது என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், பல நேரம் அதுவே போதும். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. இருந்தும் 299 ரூபாய்க்காக யார் ஆணையத்தின் படியேறுவார்கள்? யாரும் ஏறமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் விலை 299 என்று இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தயவுசெய்து செய்யக் கூடாதது ஒன்று: கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி, முதலில் வரும் எண்ணுக்குப் போன் போடுவது. அங்கே எடுப்பவர் மிகப் பணிவாகப் பேசுவார், ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார், திரையைப் பகிரச் சொல்வார், ரீஃபண்ட் வர பின் நம்பர் போடச் சொல்வார். பணம் வருவதற்குப் பின் நம்பர் வேண்டியதில்லை. போட்டுவிட்டீர்கள் என்றால் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அடியுங்கள்.

அத்தைக்கு என்ன ஆயிற்று? மொத்தம் போனது 2,093 ரூபாய். கம்பெனியின் அரட்டைப் பெட்டி முதலில் 'உங்கள் சிரமம் புரிகிறது' என்று நான்கு முறை சொன்னது. 1915இல் பதிந்த பிறகு ஒரு மின்னஞ்சல் வந்தது. டிசம்பர் மாதத் தொகையை மட்டும் 'நல்லெண்ண அடிப்படையில்' திருப்பித் தந்தார்கள். மீதி ஆறு மாதத்துக்கு, முன்னறிவிப்பு ஒழுங்காகப் போயிருக்கிறது, சந்தா ரத்தாகவில்லை என்று பதில். அதில் எனக்குமே சட்டப்படி பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

போன வாரம் அத்தையிடமிருந்து மறுபடி போன். "மெசேஜ் வந்திருக்குடா, நாளைக்கு 99 ரூபா எடுக்கப்போறாங்களாம்." பேரைப் படிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டிப் படித்தார். எனக்குப் பிடிபடவில்லை. நிறுத்திவிடலாம், ஆட்டோபேயைத் திறங்க என்று ஆரம்பித்தேன்.

"இரு, இரு. இது அந்தப் பஞ்சாங்க ஆப்பு. நான்தான் சேர்ந்தேன். எடுத்துக்கட்டும்."