சாதகம் வித்வான்களுக்கு மட்டுமா?

சித்தூர் மாவட்டத்தில், புத்தூருக்கு மேற்கே அமைந்த ஊர் கார்வேட்டிநகரம். வேணுகோபால சுவாமி கோயிலும் ஸ்கந்த புஷ்கரணி என்னும் திருக்குளமும் இவ்வூரின் சிறப்புகள். முன்பு இது ஒரு ஜமீனின் தலைநகர். திருத்தணியும் அந்த ஜமீனைச் சேர்ந்ததே. 1911-ல் சித்தூர் மாவட்டம் அமையும் வரை இப்பகுதி வட ஆர்க்காட்டில் இருந்தது.

சங்கீத உலகிலும் இவ்வூருக்குப் பெயர் உண்டு. வேணுகோபாலன் மீது தெலுங்குப் பதங்கள் இயற்றிய சாரங்கபாணி இங்கு வாழ்ந்தவர். வர்ணங்கள் செய்வதில் தேர்ந்த கோவிந்தசாமய்யா, கூவனசாமய்யா சகோதரர்களும் இவ்வூர்க்காரர்களே. எட்டயபுரத்தில் 1904-ல் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி'யில் கோவிந்தசாமய்யாவின் வர்ணங்கள் இடம்பெற்றுள்ளன.

வர்ணத்தின் வேலை

சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம் ஆகியவற்றைத் தாண்டியபின் மாணவன் வந்து சேரும் இடம் வர்ணம். பத வர்ணம் நாட்டியத்துக்கு ஏற்றது; நிதானமாக நடப்பது. தான வர்ணம் சாதகத்துக்கு உரியது. ராகத்தின் முக்கியப் பிடிகள் அதில் அடங்கியிருக்கும். முதலில் நிதானமாகப் பாடி, பிறகு அதே தாளத்துக்கு இரட்டை வேகத்தில் பாட வேண்டும். சுருதி விலகினாலும் தாளம் நழுவினாலும் உடனே தெரிந்துவிடும்.

இதைப் படித்து முடித்து மூட்டை கட்டி வைத்தவர் எவரும் இல்லை. கச்சேரியை வர்ணத்தில் தொடங்கும் வழக்கத்தை நிலைபெறச் செய்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890-1967). மாணவன் திணறும் அதே வர்ணத்தைத்தான் மகாவித்வானும் மேடையில் பாடுகிறார். மேல்நாட்டிலும் இப்படித்தான். செல்லோ மேதை பாப்லோ காசல்ஸ் 13-வது வயதில் பாஹ்கின் இசை நூல் ஒன்றைக் கண்டெடுத்தார். அதைச் சபையில் வாசிக்கும் முன் சுமார் 12 ஆண்டுகள் சாதகம் செய்தார்.

அரை மணி போதும்

"நாம் என்ன வித்வான் ஆகவா போகிறோம்?" என்று சொல்லிப் பாட்டையும் வீணையையும் பாதியில் விட்டவர்கள் நம்மில் பலர். ஆபீஸ், ஷிப்டு, வாடகை வீடு என்று காரணங்களும் உண்டு. ஆனால் ஒரே ஒரு வர்ணத்தை முறையாகப் பழகியவர், கச்சேரியில் அந்த ராகம் வரும்போது மற்றவர் காதில் விழாததைக் கேட்கிறார். தம் குழந்தை அபசுரம் பாடினால் அடையாளம் காண்கிறார். இந்த லாபத்துக்கு மேடை ஏற வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும் அவசியம். பிழையோடு செய்யும் சாதகம் பிழையைத்தான் உறுதியாக்கும். ஆகவே வேகத்துக்கு ஆசைப்படாமல் முதல் காலத்திலேயே நெடுநாள் நிற்க வேண்டும். விஷயம் தெரிந்தவரிடம் அவ்வப்போது பாடிக் காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். தினமும் அரை மணி செய்வது, மாதத்தில் ஒருநாள் முழுதும் உட்காருவதைவிட மேல்.

இது நமக்குப் புதிய பாடமும் அல்ல. பிழைப்புக்காக ஆந்திரம் வந்த தமிழர்கள், இலக்கணம் கற்றுத் தேர்ந்த பிறகா தெலுங்கு பேசத் தொடங்கினார்கள்? கடையிலும் ஆபீசிலும் தட்டுத் தடுமாறிப் பேசினார்கள். கேட்டவர்கள் சிரித்தபோதும் நிறுத்தவில்லை. இன்றும் உச்சரிப்பில் குறை இருக்கலாம். ஆனால் அந்தக் குறையுள்ள தெலுங்கில்தான் வேலை நடக்கிறது, அண்டை வீட்டு நட்பும் வளர்கிறது. நாக்குக்குக் காட்டிய அந்தப் பொறுமையைக் குரலுக்கும் விரலுக்கும் காட்டினால் போதும்.