வெயில் இருக்கு, தண்ணி இருக்கு... வங்கக் கடலில் ‘பச்சை’ ஏன் குறைவு?

கரையான்சாவடி மீன் கடையில் வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் மத்தி வாங்கித் திரும்புபவர்கள் நம்மில் நிறைய பேர். இரண்டு மீனுக்கும் கணக்கு ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. வஞ்சிரம் சாப்பிடுவது நெத்திலி, மத்தி மாதிரியான சின்ன மீன்களை. அவை சாப்பிடுவது கடலில் மிதக்கும் நுண்ணிய உயிர்களை. இந்த வரிசையில் எல்லோருக்கும் முதலில் சமைத்துப் போடுவது ‘பைட்டோபிளாங்க்டன்’ எனும் தாவர மிதவை உயிரிகள். தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி இவற்றின் வேலை.

ஒளிச்சேர்க்கைக்கு என்ன வேணும்னு ஸ்கூலில் படித்திருப்போம்: வெளிச்சம், தண்ணீர், கார்பன் டை ஆக்சைடு. மேற்பரப்புக் கடலில் மூன்றும் தாராளம். அப்புறம் ஏன் நடுக்கடலின் பெரும்பகுதி பச்சையாக இல்லாமல் நீலமாகவே கிடக்கிறது? அந்த வரியில் விட்டுப்போனது உரம். நைட்ரேட், பாஸ்பேட், கூடவே கொஞ்சூண்டு இரும்பு.

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், நைட்ரஜன் குறைந்தால் இலை வெளிறிவிடும். குளோரோபில்லிலும், ஒளிச்சேர்க்கையை நடத்தும் புரதங்களிலும் நைட்ரஜன் இருக்கிறது. அது கிடைக்காதபோது மிதவை உயிரியும் குளோரோபில்லைக் குறைத்துக்கொள்கிறது. செல் பிரிவதும் மெதுவாகிறது.

இரும்பின் கதை வேறு. குளோரோபில் பிடித்த ஒளியின் ஆற்றலால் எலெக்ட்ரான்கள் கிளம்பி, ஒரு புரதத்திலிருந்து அடுத்ததற்குக் கைமாறிப் போக வேண்டும். அந்தச் சங்கிலியில் பல கண்ணிகள் இரும்பு சேர்ந்தவை. இரும்பு இல்லாவிட்டால் வெளிச்சத்தைப் பிடித்தும் பயனில்லை; ஒரு பங்கு ஆற்றல் வெப்பமாகவும் மங்கிய சிவப்பு ஒளியாகவும் வீணாகிறது. அந்தச் சிவப்பை நாசாவின் அக்வா செயற்கைக்கோள் விண்ணிலிருந்தே பார்க்கிறது. அதை வைத்து 2009-ல் வெளியான ஆய்வு, பருவமழைக் காலத்தில் வட இந்தியப் பெருங்கடலின் சில பகுதிகளில் இரும்புப் பற்றாக்குறை இருப்பதைச் சுட்டிக்காட்டியது.

வங்கக் கடலுக்கு ஒரு மூடி

நம் பக்கத்துக் கடலின் பெரிய சிக்கல், உரம் இருக்கும் இடம். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி என்று பெரிய ஆறுகள் எல்லாம் வங்கக் கடலில்தான் கலக்கின்றன. போதாக்குறைக்கு மழையும். நல்ல தண்ணீர் லேசானது. கனமான உப்புநீர் மேல் மூடி மாதிரி படர்ந்துகொள்கிறது. சத்துகள் நிறைந்த ஆழத்து நீர் அந்த மூடிக்குக் கீழேயே மாட்டிக்கொள்கிறது. ‘ஆறே உரம் கொண்டு வருமே?’ என்று கேட்கலாம். வரும், அதில் பெரும்பங்கு கழிமுகத்திலும் கரையோரத்திலுமே தீர்ந்துவிடும். அரபிக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசி ஆழத்து நீரை மேலே இழுத்துவிடுகிறது. இங்கே காற்றுக்கு அந்த மூடியை உடைக்கிற பலம் இல்லை.

புயலுக்கு உண்டு. 1999 அக்டோபரில் ஒடிசாவைச் சூறையாடிய சூப்பர் புயலுக்குப் பிறகு, சென்னைக்கு அப்பால் உள்ள கடலில் சத்துகளும் குளோரோபில்லும் கூடியதை விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானோர் உயிரைக் குடித்த அதே புயல், கடலுக்கு உரம் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

வெப்பம் கூடினாலும் மூடி தடிக்கும், ஏன்னா சூடான நீரும் லேசானதுதான். புனேவின் இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ராக்ஸி மேத்யூ கோல் குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மேற்கு இந்தியப் பெருங்கடலில் 60 ஆண்டுகளில் பைட்டோபிளாங்க்டன் 20 சதவீதம் வரை குறைந்திருக்கிறது. அரபிக்கடல் பக்கம் நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. வங்கக் கடலுக்கு ஏற்கெனவே ஒரு மூடி இருக்கிறது, அதன் மேல் இன்னொன்று.

நாமே உரம் போட்டால்?

இந்தியா இதையும் முயன்று பார்த்திருக்கிறது. கோவாவின் தேசிய கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் 2009 ஜனவரி முதல் மார்ச் வரை நடத்திய சோதனையின் பெயர் ‘லோஹாஃபெக்ஸ்’. லோஹா என்றால் இந்தியில் இரும்பு. சுற்றுச்சூழல் அமைப்புகளின் எதிர்ப்பால் ஜெர்மனி அரசு இதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்து, பிறகுதான் அனுமதித்தது. தென் அட்லாண்டிக்கில் 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் 6 டன் இரும்பைக் கரைத்துவிட்டார்கள். பைட்டோபிளாங்க்டன் பெருகி, காற்றிலுள்ள கார்பனை உறிஞ்சி, செத்துக் கடலடிக்கு எடுத்துப் போகுமா என்பதுதான் கேள்வி.

முதல் 2 வாரத்தில் அது இரட்டிப்பானது உண்மை. அதற்கு மேல் ஏறவில்லை. கோப்பிபாட் எனும் குட்டி இறால் போன்ற உயிரிகள் மேய்ந்து தீர்த்தன. அவற்றை இன்னும் பெரிய ஆம்பிபாட்கள் வேட்டையாடின. மேய்ச்சலைத் தாங்கக்கூடிய, கண்ணாடி ஓடு போட்ட டயாட்டம்கள் ஏன் வளரவில்லை? ஓடு கட்ட சிலிக்கா வேண்டும். அதை முந்தைய பெருக்கங்கள் ஏற்கெனவே காலி செய்துவிட்டிருந்தன. ஒரு பஞ்சத்தைத் தீர்த்ததும் அடுத்த பஞ்சம் முன்னால் வந்து நின்றது. கடலடிக்குப் போன கார்பன், எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு.