அப்ரைசலுக்கு உதவும் புது ஐடியா எங்கிருந்து வரும்? ஆன்லைன் குழுக்களைச் சரியா பயன்படுத்துவது எப்படி?



கொடுத்த வேலையை முடிக்கத்தான் மாதச் சம்பளம். ஹைக் கேட்கணும்னா, அந்த வேலையையே வேறு மாதிரி செஞ்சு காட்டணும். சிக்கல் என்னன்னா, நம்ம டீம்ல எல்லாரும் ஒரே ஷீட்டில், ஒரே முறையில் பழகினவங்க. புதுக் கோணம் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வரும்.

ஒரு உதாரணம் பார்ப்போம்

நீங்க அக்கவுண்ட்ஸ் டீம்ல இருக்கீங்கன்னு வச்சுக்குவோம். ஜிஎஸ்டிஆர்-2பி 14-ஆம் தேதி வரும். மாதாந்திர ரிட்டர்ன் என்றால் 20-ஆம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்யணும். அந்த இடைவெளியில் பர்ச்சேஸ் ரிஜிஸ்டரை 2பி-யோடு ஒப்பிட்டாகணும். சப்ளையர் "ஐஎன்வி/001/25-26" என்று போட்டிருப்பார், நம்ம புக்ஸ்ல வெறும் "1" இருக்கும். விலுக்அப் கை விரிச்சிடும். அப்புறம் ஒவ்வொரு பில்லா டிக் அடிக்கணும்.

ஆபீஸ்ல கேட்டா, "எப்பவுமே இப்படித்தாம்ப்பா" என்பாங்க. இதையே ரெட்டிட்டில் இருக்கும் எக்ஸெல் குழுவில் கேளுங்க. ஜிஎஸ்டியே தெரியாத ஒருத்தர், "பில் நம்பரை வச்சு ஏன் தேடுறீங்க? சப்ளையர் எண்ணையும் தொகையையும் சேர்த்துத் தேடலாமே" என்று கேட்கலாம். இன்னொருத்தர், எக்ஸெல் 2016-லிருந்து உள்ளேயே இருக்கும் பவர் குவெரியைக் காட்டலாம். ஒரே சப்ளையரிடம் ஒரே தொகைக்கு 2 பில் இருந்தால் மட்டும் கையால் சரிபார்க்கணும். மற்றதெல்லாம் ரிஃப்ரெஷ் பட்டன் வேலை.

அவங்க கொடுத்தது ஒரு துப்புதான். அதை ஜிஎஸ்டிக்குப் பொருத்தினது நீங்க. உங்க கிரியேட்டிவிட்டி அங்கதான் இருக்கு.

எப்படிக் கேட்கணும்?

"எக்ஸெல் வேலை செய்யலை, உதவி பண்ணுங்க" என்றால் யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. 10 வரி மாதிரி டேட்டா, என்ன ரிசல்ட் வேணும், இதுவரை என்ன முயற்சி செஞ்சீங்க, இந்த மூணையும் எழுதுங்க. எழுதும்போதே பாதி விடை கிடைச்சிடும்.

3 எச்சரிக்கை

1. நிஜ டேட்டா வேண்டவே வேண்டாம். சப்ளையர் பெயர், ஜிஎஸ்டி எண், சம்பள விவரம் எதையும் போடாதீங்க. ஸ்கிரீன்ஷாட்டும் கூடாது. உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் ரகசியக் காப்பு விதி இருக்கான்னு ஒருமுறை படிங்க. ஒரு போஸ்டால் வேலையே போகலாம்.

2. ஃபைல் உங்களுடையது இல்லை. காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17(சி)-படி, வேலையின் பகுதியாக உருவாக்கியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனம்தான் முதல் உரிமையாளர். அந்த டெம்ப்ளேட்டை வெளியில் பகிரவோ விற்கவோ நினைச்சா, முதல்ல எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்க.

3. கோடிங் வேலையா? ஸ்டாக் ஓவர்ஃப்ளோ பதில்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸில் வருபவை. எழுதினவருக்கு கிரெடிட் கொடுக்கணும், மாற்றி வெளியிட்டால் அதே லைசென்ஸில் பகிரணும். கம்பெனி ப்ராடக்டில் பேஸ்ட் பண்றதுக்கு முன்னாடி லீடிடம் கேளுங்க.

இதைப் பணமா மாத்துவது எப்படி?

உங்க சிடிசி ₹6 லட்சம், மாதம் 25 வேலை நாள் என்றால், ஒரு நாளுக்கு ₹2,000. புது முறையால் மாதம் 2 நாள் மிச்சமானால் ₹4,000. வருஷத்துக்கு ₹48,000. அதே வேலையை 3 பேர் செய்தால் ₹1,44,000.

"நல்லா உழைச்சேன்" என்பதைவிட இந்த ஒரு வரி மேனேஜரிடம் எடுபடும். அதனால புது முறையை ஆரம்பிக்கும் முன்பே, பழைய முறையில் எத்தனை மணி நேரம் ஆகுதுன்னு 2 மாசம் குறிச்சு வைங்க. அந்தக் கணக்கு இல்லாவிட்டால் மிச்சத்தைக் காட்டவே முடியாது.

இந்த வாரம் உங்களை அதிகமா கடுப்பேத்தும் வேலை ஒண்ணை எடுங்க. பெயர், எண்ணெல்லாம் நீக்கிட்டு, கேள்வியா எழுதிப் போடுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச கேள்வி அங்க வந்தா, நீங்களும் பதில் சொல்லுங்க. அடுத்த வீடியோவில் சந்திப்போம்!