புகையே ஊதும் துருத்தி

மணிமங்கலத்தில் காலை ஆறரைக்கு டீக்கடை பெஞ்சில் இடம் பிடிப்பது கஷ்டம். ஒரகடம் போகிறவர்களும் இருங்காட்டுக்கோட்டை போகிறவர்களும் கம்பெனி பஸ்ஸை எதிர்பார்த்து ஒரே கடையில்தான் நிற்பார்கள். நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கிய மன்னன் புலிகேசியைப் புறங்காட்டி ஓடவைத்த இடங்களில் ஒன்று என்று கூரம் செப்பேடு இந்த ஊரைச் சொல்கிறது. இப்போது இங்கே நடக்கிற போரெல்லாம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குத்தான்.

அன்றைக்கு ஒரு தம்பி பெஞ்சில் சாக்குப்பையை வைத்தான். 'ணங்' என்றது. உள்ளே நத்தை ஓடு மாதிரி சுருண்ட இரும்பு. சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கிய பழைய டர்போ.

"அண்ணே, என் வண்டில இதை மாட்டினா பிக்கப் எவ்வளவு கூடும்?"

அவனுடையது பத்து வருடப் பழைய 1.2 லிட்டர் பெட்ரோல் கார். எஞ்சின் வேலை பார்த்துக் கை கறுத்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் மாதம் ஒரு முறையாவது வந்துவிடும். இன்னொரு டீ சொன்னேன்.

எஞ்சின் பெட்ரோல் குடிக்கிறது என்கிறோம். உண்மையில் அது குடிப்பதெல்லாம் காற்று. ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம். காற்றோ பிஸ்டன் இழுக்கிற அளவுதான் வரும். கொல்லன் உலையில் கரியை மட்டும் கொட்டினால் இரும்பு பழுக்குமா? துருத்தி ஊதணும். டர்போ அந்தத் துருத்திதான். ஒரே வித்தியாசம், இதை ஊத ஆள் வேண்டாம். சைலன்சர் வழியாக வீணாய்ப் போகிற புகையே ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. சின்ன கார் டர்போ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுற்றும். ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரெட் பியூக்கி 1905-லேயே இதற்கு காப்புரிமை வாங்கிவிட்டார்.

"அப்போ மாட்டினா ஓடும்தானே?"

ஓடும். எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

ஒரகடத்தில் செய்கிற நிசான் மேக்னைட்டையே எடுத்துக்கொள்வோம். 2020 டிசம்பரில் வந்த வண்டி. டர்போ இல்லாத எஞ்சின் 72 குதிரைத்திறன், 96 நியூட்டன் மீட்டர் இழுவை. டர்போ உள்ளது 100 குதிரைத்திறன், 160 நியூட்டன் மீட்டர். இரண்டும் 999 சிசி, இரண்டுக்கும் மூன்று சிலிண்டர். அப்படியானால் அதே எஞ்சினில் டர்போவை மாட்டிவிட்டார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. முதலாவதில் சிலிண்டர் விட்டம் 71 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 84.1. இரண்டாவதில் 72.2, 81.3. எஞ்சினே வேறு. அத்தனை பெரிய கம்பெனியே டர்போவுக்கென்று தனி எஞ்சின் வைத்திருக்கும்போது, நாம் சாக்குப்பையோடு கிளம்புகிறோம்.

ஏன் தனி எஞ்சின்? காற்றை அமுக்கினால் சூடாகும்; சைக்கிள் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டவர்களுக்குத் தெரியும். அரை பார் அழுத்தம் கூட்டினாலே நம்மூர் 35 டிகிரி காற்று 80 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டுக் காற்றைப் பிஸ்டன் மறுபடி நசுக்குகிறது. ஸ்பார்க் கிளப்பிய தீ பரவி முடியும் முன்னே மிச்சக் கலவை தானாக வெடிக்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பது இதைத்தான். கேட்க ஆணி தட்டுகிற மாதிரி இருக்கும். உள்ளே பிஸ்டன் உச்சி உடையும், ஹெட் கேஸ்கெட் போகும். டர்போ எஞ்சினில் காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலர், கெட்டியான பிஸ்டன், கூடுதல் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர், எப்போது ஸ்பார்க்கைத் தள்ளிப்போடுவது என்று தெரிந்த இசியு என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்துதான் வரும்.

அமெரிக்காவில் 1962-ல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்று ஒரு கார் வந்தது. உலகின் முதல் டர்போ கார்களில் ஒன்று. பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்கிற அமுக்க விகிதத்தைக் குறைக்காமல் 10.25 என்றே வைத்து டர்போவை மாட்டினார்கள். நாக்கிங்கை அடக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை எஞ்சினுக்குள் தெளிக்கத் தனியாக ஒரு டேங்க். அது காலியானால் வண்டி தானே டர்போ அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். ஓட்டியவர்கள் அதை நிரப்ப மறந்தார்கள். அடுத்த வருடத்தோடு கார் நின்றது. பலர் டர்போவைக் கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டருக்குத் திரும்பினார்கள். செய்த கம்பெனியே பட்ட பாடு இது.

ஆயில் விஷயத்தை யாரும் கேட்பதில்லை, நானாகத்தான் சொல்வேன். டர்போ அச்சு பெரும்பாலும் ஆயில் படலத்தில் மிதந்தபடி சுற்றுவது. எஞ்சினிலிருந்து அதற்கு ஆயில் போக ஒரு குழாய், திரும்பி வர ஒரு குழாய். திரும்பும் வழி அடைத்தால் ஆயில் காற்றோடு எஞ்சினுக்குள் போய் நீலப் புகை கக்கும்.

"மைலேஜ் கூடும்னாங்களே?" சின்ன எஞ்சினை டர்போவோடு வடிவமைத்தால் கூடும். ஓடுகிற எஞ்சினில் பிறகு மாட்டியவர் கால் சும்மா இருக்காதே, தம்பி.

சட்டமும் இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற, மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இடம் தராது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரரும் கையை விரிக்க வாய்ப்புண்டு.

பையிலிருந்து டர்போவை எடுத்து விரலால் சக்கரத்தை ஆட்டினேன். பக்கவாட்டில் தாராளமாக ஆடியது. உறையில் உரசிய கோடு, ஒன்றிரண்டு இதழ்களில் மழுங்கல்.

"டீசல் வண்டிலேர்ந்து கழட்டினது. இதுவே ஆயுசு முடிஞ்சது தம்பி. எவ்வளவு கொடுத்தே?"

தொகையைச் சொல்லவில்லை. "பிளக், ஏர் ஃபில்டர் மாத்தினா கொஞ்சமாவது இழுக்குமாண்ணே?"

"மாத்து. கிளட்ச் வழுக்குதான்னும் பாரு. பாதிப் பேருக்கு பிக்கப் இல்லாததுக்குக் காரணம் அதுதான்."

பஸ் ஹாரன் அடித்தது. பையைத் தூக்கியவன் படிக்கட்டில் கால் வைத்ததும் நின்றுவிட்டான். கார் கம்பெனி கேட்டில் கார் சாமானோடு எப்படி நுழைவது? ஓடிவந்து பெஞ்சுக்கு அடியில் தள்ளினான்.

"மாஸ்டர், சாயந்தரம் வந்து எடுத்துக்கறேன்!"